பட்டியலில் இருக்கிறார்கள், பெஞ்சில் இல்லை: பெங்களூரு தமிழ்ச் சபைக்கு நான்கு வழிகள்

கடந்த நாலைந்து மாதத்தில் மூன்று பேர், மூன்று வெவ்வேறு தமிழ்ச் சபைகளின் கமிட்டிக்காரர்கள், என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "கூட்டம் குறைஞ்சுகிட்டே போகுது அண்ணே, இங்கிலீஷ் ஆராதனை ஆரம்பிச்சா பிள்ளைங்க வருவாங்களா, இல்ல ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கிளை போட்டுடலாமா?" எங்கள் சபையில் ஆறு வருஷம் செயலாளராக இருந்தவன் என்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். தெரிந்ததில் பாதி, செய்து கெடுத்துக்கொண்டதால் தெரிந்தது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். எங்கள் சபையில் பலருக்குத் தாத்தா பாட்டி காலத்து வேர் பிரஸ்பிட்டேரியன் வேர், அதாவது பேராயர் (பிஷப்) இல்லாமல், சபையார் தேர்ந்தெடுத்த மூப்பர்கள் நிர்வகிக்கும் சபை. வேலூர், ராணிப்பேட்டை, ஆரணி பக்கத்து ஆற்காடு மிஷன் குடும்பங்கள், காஞ்சிபுரம், செங்கல்பட்டு பக்கத்து ஸ்காட்லாந்து மிஷன் குடும்பங்கள். ஆனால் பெங்களூரில் அந்தப் பெயர்ப்பலகை அதிகம் கண்ணில் படாது. 1908-ல் பிரஸ்பிட்டேரியன்களும் காங்கிரிகேஷனல்காரர்களும் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆனார்கள், 1947 செப்டம்பர் 27 அன்று அது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு இணைந்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆகிவிட்டது. கப்பன் ரோட்டில் மணிக்கூண்டோடு நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ், 1866-ல் ஸ்காட்லாந்துக்காரர்கள் திறந்தது, அதுவும் இப்போது சி.எஸ்.ஐ. தான். மேலே பேராயர் வந்துவிட்டார், ஆனாலும் சபையார் ஓட்டுப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்து நிர்வாகத்தை ஒப்படைப்பதும், அப்புறம் அவர்களையே நிற்க வைத்துக் கேள்வி கேட்பதுமான அந்தப் பழைய மூப்பர் வாசனை நம் கமிட்டிகளில் இன்னும் போகவில்லை.

## குறைகிறது என்றால் எது குறைகிறது?

வெஸ்ட்ரி (ஆலயத்தை ஒட்டிய ஆயர் அறை) அலமாரியில் சிவப்பு அட்டை போட்ட நீளமான குடும்ப ரெஜிஸ்டர் ஒன்று இருக்கும், உங்கள் சபையிலும் இருக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் நானும் பொருளாளரும் அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு குடும்பமாகப் பென்சிலில் குறி போட ஆரம்பித்தோம். கனடாவுக்கு 'க', ஆஸ்திரேலியாவுக்கு 'ஆ', சர்ஜாபூர் ரோடுக்கு 'ச', ஒயிட்ஃபீல்டுக்கு 'ஒ'. மூன்றாவது பக்கத்தில் ஒரு பெரியவர் பெயர். அவர் இறந்துபோய் நாலு வருஷம். ஆனால் சந்தா மட்டும் மாதாமாதம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது! விசாரித்தால், மெல்போர்னில் இருக்கும் மகன் அப்பா பேரிலேயே அனுப்பிக்கொண்டிருக்கிறார். ஒருநாள் திரும்பி வந்தால் பிள்ளைகளுக்கு இந்த ஆலயத்தில்தான் கல்யாணம் நடக்க வேண்டுமாம், அதற்காகக் கணக்கை மூடாமல் வைத்திருக்கிறார்.

பட்டியல் ஒன்று சொல்கிறது, பெஞ்சு வேறொன்று சொல்கிறது. விட்டுப் போனவர்கள் என்று நாங்கள் நினைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் சபையை விட்டுப் போகவே இல்லை, வீடுதான் மாறியிருந்தார்கள்.

உலகக் கணக்கைப் பார்த்தாலும் இதே பாடம்தான். அமெரிக்காவின் மிகப் பெரிய பிரஸ்பிட்டேரியன் சபை 1983-ல் இரண்டு பிரிவுகள் இணைந்து உருவானபோது 31 லட்சம் பேர், இப்போது 11 லட்சத்துக்கும் கீழே. ஸ்காட்லாந்து சபையில் 1950-களில் 13 லட்சம், இப்போது 3 லட்சம்கூட இல்லை. இந்தப் பக்கம் மிசோரமில், 2011 கணக்கெடுப்பின்படி மக்களில் 87 சதவீதம் கிறிஸ்தவர்கள், அவர்களில் பெரிய சபை பிரஸ்பிட்டேரியன் சபை. "மேற்கே அணைகிறது, கிழக்கே எரிகிறது" என்று கன்வென்ஷன் மேடையில் பேச இது வசதி, கமிட்டி மேஜையில் உதவாது. ஏனென்றால் ஸ்காட்லாந்தில் எண்ணுவது திருவிருந்தில் (நற்கருணையில்) பங்குபெறும் உறுப்பினர்களை, நாம் பெரும்பாலும் ஞானஸ்நானம் வாங்கிய கைக்குழந்தை வரைக்கும் எண்ணிக் குடும்பக் கணக்குச் சொல்கிறோம். அமெரிக்காவில் முதுமையும் குறைந்த பிறப்பும் ஒரு பக்கம் என்றால், சபை சபையாகப் பிரிந்து வேறு பிரஸ்பிட்டேரியன் அமைப்புகளுக்குப் போனதும் அதே இறக்கத்தில்தான் சேர்ந்திருக்கிறது.

அவ்வளவு தூரம் எதற்கு, கே.ஜி.எஃப். (கோலார் தங்கவயல்) இருக்கிறது. வட ஆற்காட்டிலிருந்து தங்கச் சுரங்க வேலைக்குப் போன தமிழர்கள் கட்டி வளர்த்த சபைகள் அங்கே எத்தனை! 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடியது. பிள்ளைகள் முதலில் தினமும் ரயிலில் பெங்களூருக்கு வந்து போனார்கள், பிறகு இங்கேயே வாடகை வீடு பிடித்தார்கள். அங்கே குறைந்தது இங்கே கூடியது, அதற்கு எழுப்புதலும் (பக்தி பெருகியதும்) காரணமில்லை பின்மாற்றமும் (பக்தி குறைந்ததும்) காரணமில்லை, வேலை போன இடத்துக்கு ஜனம் போனது. நகரின் நடுவில் இருக்கும் கண்டோன்மென்ட் சபைகளுக்கு இப்போது வெளிவட்டச் சாலை வேலைகள் செய்வதும் அதேதான்.

## எதை வைத்து எடை போடுவது

நாங்கள் இதைச் செய்யாமல் நேரே தீர்வுக்குத் தாவினோம். நீங்களாவது முதலில் இவற்றை எழுதி வையுங்கள்.

வீடு எங்கே. குடும்ப ரெஜிஸ்டரில் பின்கோடு சேருங்கள், அதுவே பாதி வேலை. தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதாதீர்கள், ஞாயிறு காலை எத்தனை நிமிஷம், திரும்பும்போது எத்தனை நிமிஷம் என்று எழுதுங்கள்.

பிள்ளைகள் தமிழை எந்த அளவுக்கு வைத்திருக்கிறார்கள். பேசுவது, கேட்டுப் புரிந்துகொள்வது, வாசிப்பது என்று மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். பள்ளியில் இங்கிலீஷ், கன்னடம், இந்தி என்று மூன்று போய்விடுகிறது, தமிழ் எழுத்துக்கு இடம் எங்கே? வீட்டில் பாட்டியோடு சண்டை போடும் அளவுக்குத் தமிழ் பேசும் பிள்ளைக்கு பைபிளில் ஒரு சங்கீதம் வாசிக்க வராது.

கை எத்தனை. சண்டே ஸ்கூல், பாடகர் குழு, கணக்கு, காணிக்கை எண்ணுவது, எல்லாம் அதே பன்னிரண்டு பேர்தான் செய்கிறார்களா? அப்படியானால் இன்னொரு ஆராதனை என்பது அதே பன்னிரண்டு பேர் முதுகில்தான் ஏறும்.

பணம். வாடகை, சம்பளம், பேராயத்துக்குக் கட்டும் அசெஸ்மென்ட் (சபையின் பங்குத்தொகை).

உரிமை. இதைப் பேசக் கூச்சப்படுகிறோம், ஆனால் குடும்பங்கள் இதை வைத்துத்தான் முடிவெடுக்கின்றன. கல்யாணத்துக்கு மூன்று ஞாயிறு அறிவிப்பு வாசிக்கும் இடம், அடக்கத்துக்குக் கல்லறை இடம், பள்ளிக்கும் வேலூர் சி.எம்.சி.க்கும் சபைப் பரிந்துரைக் கடிதம். புது இடத்துக்குப் போனால் இதெல்லாம் யார் பேரில் என்பது தெளிவாக இல்லாவிட்டால் ஆராதனைக்கு அங்கே வருவார்கள், சந்தாவை இங்கே கட்டுவார்கள்.

திரும்பி வர முடியுமா. ஆரம்பித்ததை நிறுத்த வேண்டி வந்தால் எவ்வளவு கசப்பு மிஞ்சும்?

## வழி 1: இருக்கும் தமிழ் ஆராதனையையே பலப்படுத்துவது

கேட்கச் சுவாரசியமில்லாத வழி, அதனால் கமிட்டியில் யாரும் முன்மொழிய மாட்டார்கள். செலவு மிகக் குறைவு.

ஸ்காட்லாந்தில் பழைய நாளில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு மூப்பருக்கும் இத்தனை வீடு என்று பிரித்துக் கொடுத்துவிடுவார்கள், திருவிருந்து வருவதற்கு முன்னால் அந்த வீடுகளைச் சந்திப்பது அவர் பொறுப்பு, சேரத் தகுதி உள்ளவர்களுக்கு உலோகத்தில் செய்த ஒரு சின்ன வில்லை கொடுப்பார்கள், பின்னாளில் அது அட்டையாக மாறியது. ஒழுங்கு நடவடிக்கைக்காக வந்த வழக்கம்தான், ஆனால் யார் எங்கே இருக்கிறார்கள் என்பது அவர்களுக்கு விரல்நுனியில் இருந்தது. வில்லையெல்லாம் வேண்டாம், ஒரு கமிட்டி உறுப்பினருக்கு இருபது வீடு, வருஷத்துக்கு இரண்டு தரம் போய் ஒரு காபி குடித்துவிட்டு வரட்டும். கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்டை இதில் சேர்க்கக் கூடாது, ஏனென்றால் அன்றைக்கு வாசலில் பாடிவிட்டு கேக்கை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிறோம், யாரும் யாரோடும் பேசுவதில்லை.

இன்னொன்று நேரம். ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ ஏழு மணிக்குத்தான் கிளம்புகிறது. 2023 அக்டோபரிலிருந்து ஒயிட்ஃபீல்டு முதல் செல்லகட்டா வரை பர்பிள் லைன் முழுசாக ஓடுகிறது, ஆனால் தமிழ் ஆராதனை ஏழரைக்கு என்றால் அந்த ரயிலால் நமக்கு என்ன பிரயோசனம்? எட்டே முக்காலுக்கு மாற்றினால் சில குடும்பங்கள் கார் எடுக்காமலே வந்துவிடும். மாற்றச் சொல்லிப் பாருங்கள், ஐம்பது வருஷமாக ஏழரைக்கு வந்து பழகியவர்கள் விடமாட்டார்கள், எங்கள் சபையில் ஒரு பொதுக்கூட்டமே இதில் போனது.

அப்புறம் எழுத்து. பாமாலை, கீர்த்தனை என்ற ஆராதனைப் பாட்டுகளைத் திரையில் தமிழ் எழுத்திலும் அடியிலேயே ஆங்கில எழுத்திலும் போட ஆரம்பித்தோம். முணுமுணுப்பு வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ஆராதனையில் இரண்டாம் வேதபாடம் வாசிக்கக் கூப்பிட்டபோது, ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு பீடத்துக்கு வந்தாள். 'ழ' வரும் இடத்துக்கெல்லாம் மேலே சிவப்பு மையில் சுழி. ஒரு 'ழ'கூடத் தவறவில்லை. வருஷக்கணக்காகத் தமிழ் எழுத்தைப் பார்த்து வாசிக்கும் எங்கள் பெரியவர்கள் சிலர் 'வாளி' என்றும் 'மலை' என்றும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள்தான்.

மறைமுகச் செலவு: பலன் தெரிய மூன்று வருஷமாவது ஆகும், கமிட்டியின் பதவிக்காலமே அவ்வளவு இருக்காது. பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் நாற்பது நிமிஷத்துக்குள் வந்துவிட முடியும் என்றால், முதலில் இதைத்தான் செய்ய வேண்டும்.

## வழி 2: ஆங்கில ஆராதனை சேர்ப்பது

எல்லோரும் முதலில் பிடிப்பது இதைத்தான், நாங்களும் இதைத்தான் பிடித்தோம். காலையில் தமிழ், பத்து மணிக்கு இங்கிலீஷ், ஒரே கட்டிடம், வாடகை இல்லை.

முதல் ஆறு மாதம் ஆலயம் நிரம்பியது. ஆனால் வந்தவர்கள் யார்? நம் பிள்ளைகள் கொஞ்சம், பக்கத்து பி.ஜி. விடுதிகளில் தங்கியிருந்த வடகிழக்கு மாநிலப் பையன்கள், ஆந்திரா, கேரளா குடும்பங்கள். வளர்ச்சி பொய்யில்லை, மனதுக்கு நிறைவாகவும் இருந்தது. காலையில் பார்த்தால் தமிழ் ஆராதனையில் நாற்பது வயதுக்குக் கீழே ஆளே இல்லை. பிள்ளைகளை பத்து மணிக்குக் கூட்டி வரும் பெற்றோர் தாங்களும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள், யார் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை வருவார்கள்? தமிழ் சண்டே ஸ்கூல் ஒன்றரை வருஷத்தில் நின்றுபோனது. கீபோர்டு வாசிக்க ஒரே பையன், இரண்டு ஆராதனைக்கும் அவனே, காலை ஆறரைக்கு வீட்டை விட்டால் மத்தியானம் இரண்டுக்குப் போவான். ஒருநாள் சொல்லாமல் நின்றுவிட்டான், அவனைக் குறை சொல்ல முடியாது.

அதற்குப் பிறகுதான் பெரிய தகராறு: ஆங்கில ஆராதனைக்கு வருகிறவர்களுக்கு ஓட்டு உண்டா? இல்லை என்றால் காணிக்கை கொடுக்க மட்டும் அவர்களா? உண்டு என்றால் ஐந்து வருஷத்தில் கமிட்டி யார் கையில் என்று பெரியவர்களுக்குப் பயம், கட்டிடம், நிலம் எல்லாம் இருக்கிறது அல்லவா. இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை. அமெரிக்காவில் கொரியப் பிரஸ்பிட்டேரியன் சபைகள் இதை நமக்கு முன்பே பட்டுவிட்டன. குடியேறிய பெற்றோர் கொரிய மொழியில், பிள்ளைகளுக்கு அதே கட்டிடத்தில் இங்கிலீஷ் ஆராதனை. பணம் பெற்றோருடையது, முடிவும் பெற்றோருடையது. கல்லூரி முடித்த பிள்ளைகள் சத்தமில்லாமல் வெளியேறினார்கள், அதற்கு 'அமைதியான வெளியேற்றம்' என்று ஒரு பெயரே விழுந்துவிட்டது. கடைசியில் நிலைத்தவற்றில் பல, தனி ஆயர், தனிக் கணக்கு, தனி நிர்வாகம் என்று பிரித்துக் கொடுத்த இடங்கள்.

ஆகவே இதை ஆரம்பிப்பதென்றால் மூன்றாவது வருஷத்தில் அவர்களுக்கு எத்தனை கமிட்டி இடம் என்பதை முதல் ஞாயிறுக்கு முன்பே எழுதி, பொதுக்கூட்டத்தில் வாசித்து, மினிட்ஸில் ஏற்றிவிடுங்கள். அதைச் செய்யத் தைரியம் இல்லாத சபை இந்த வழிக்கே போகக் கூடாது என்பது என் கருத்து. பிள்ளைகளுக்குத் தமிழ் கேட்டாலும் புரியாத நிலை வந்துவிட்டிருந்தால், சுற்றிலும் பல மொழிக்காரர்கள் வாடகைக்கு நிறைந்த பகுதியாக இருந்தால், இதுதான் சரியான வழி. புரிகிறது, வாசிக்கத்தான் வரவில்லை என்றால் மேலே சொன்ன திரையே போதும்.

## வழி 3: ஜனம் போன இடத்தில் கிளை

சர்ஜாபூர் ரோட்டிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ மாதம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம் என்று தொடங்கி, மாதம் இரண்டு ஆராதனை, பிறகு வாராவாரம். எலக்ட்ரானிக் சிட்டி வழியாக யெல்லோ லைன் 2025 ஆகஸ்டில் வந்துவிட்டதே என்பார்கள். வந்தது, ஆனால் அங்கிருந்து எம்.ஜி. ரோடுக்கு வர ஆர்.வி. ரோட்டில் ஒரு தடவை, மெஜஸ்டிக்கில் ஒரு தடவை மாற வேண்டும், கையில் ஒரு குழந்தை, பையில் ஒரு குழந்தைக்கான சாமான் என்று வருகிற தாயிடம் போய் மெட்ரோ இருக்கிறதே என்று சொல்லிப் பாருங்கள்.

ஆயர் ஒருவர்தான் இருக்கிறார், எப்படி என்று உடனே கேட்பார்கள். மிசோரமில் ஒரு பாஸ்டருக்குக் கீழே பல ஊர்ச் சபைகள், வாராவார ஆராதனையை நடத்துவது மூப்பர்கள்தான். நம் கிராமத்துச் சேகரங்களில் (ஒரே ஆயருக்குக் கீழ் உள்ள பல ஊர்ச் சபைகளில்) ஆயர் இல்லாத நாளில் உபதேசியார் நடத்தவில்லையா? திருவிருந்துக்கு மட்டும் ஆயர் வந்தால் போதும். பணத்துக்கும் அவர்களிடம் ஒரு வழி உண்டு: சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்துச் சபைக்குக் கொடுக்கும் வழக்கம் 1910 முதல் அங்கே நடக்கிறது. நம் அம்மாக்களின் பிடி அரிசிப் பானையும் அதேதான், நாம் அதைப் பானையோடு விட்டுவிட்டோம்.

மறைமுகச் செலவு இங்கேதான் அதிகம். அடுக்குமாடிக் குடியிருப்பில் கூடினால் மூன்றாவது வாரம் அசோசியேஷனிலிருந்து கடிதம் வரும், எங்களுக்கு வந்தது, பார்க்கிங்கும் பாட்டுச் சத்தமும் என்று காரணம் போட்டு. அக்கம்பக்கத்தில் முதலிலேயே சொல்லி, ஒலிபெருக்கி இல்லாமல், காரைத் தெருவில் விடாமல் செய்ய வேண்டும். ஹால் எடுக்கலாம் என்றால் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டுப் பழகிய ஊர் இது. பள்ளிக்கூட ஹாலை ஞாயிறு காலைக்கு மட்டும் கேளுங்கள், அதுதான் மலிவு. அடுத்தது, தாய்ச்சபை மெலியும். கிளைக்குப் போகிறவர்கள் நாற்பது வயதுக்காரர்கள், சம்பாதிக்கிறவர்கள், பாடுகிறவர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 200 குடும்பத்தில் 30 போனால் எண்ணிக்கையில் 15 சதவீதம்தான், காணிக்கையில் அது மூன்றில் ஒரு பங்காகக்கூட இருக்கலாம்.

கல்லறை, கல்யாணப் பதிவு இரண்டும் தாய்ச்சபை பேரிலேயே தொடரும் என்று எழுத்தில் கொடுங்கள். அதைக் கொடுக்காததால் எங்கள் கிளை முதல் தடவை நாலே மாதத்தில் கலைந்தது. "நாளைக்கு அப்பாவுக்கு ஏதாவது ஆனா எங்கே வைப்பீங்க?" என்று ஒரு அக்கா கேட்டார்கள், ஜெபக்கூட்டம் முடிந்து எல்லோரும் சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது. யாரிடமும் பதில் இல்லை.

ஒரே திசையில், ஒருவருக்கொருவர் இருபது நிமிஷத்துக்குள், பதினைந்து குடும்பமாவது இருந்தால் இது நல்ல வழி. நாலு திசையில் சிதறியிருந்தால் வேண்டாம்.

## வழி 4: பக்கத்துச் சபையோடு சேர்வது

ஸ்காட்லாந்தில் இப்போது நடப்பது பெரும்பாலும் இதுதான், சபைகளை இணைத்துக் கட்டிடங்களை விற்கிறார்கள். நம் ஊரில் முழு இணைப்புப் பேச்சை எடுத்தாலே கோர்ட் வரைக்கும் போகும். ஆனால் ஆயரைப் பகிர்வது, வாலிபர் ஐக்கியத்தையும் விடுமுறை வேதாகமப் பள்ளியையும் இரண்டு சபை சேர்ந்து நடத்துவது, இதற்கு யாருடைய அனுமதியும் பெரிதாகத் தேவையில்லை. ஞாயிறு ஐம்பது பேருக்குக் கீழே போய்விட்ட சபைகள் இதையாவது செய்யலாம்.

## ஒரே பார்வையில்

| | தமிழைப் பலப்படுத்துதல் | ஆங்கில ஆராதனை | கிளை | பகிர்வு |
|---|---|---|---|---|
| பணம் | மிகக் குறைவு | நடுத்தரம் | அதிகம் | மிச்சம் |
| ஆள் பலம் | வீடு சந்திக்க ஆள் | எல்லாம் இரட்டிப்பு | நடத்தத் தெரிந்த மூன்று நாலு பேர் | குறைவு |
| பலன் தெரிய | மூன்று வருஷம் | ஆறு மாதம் | இரண்டு வருஷம் | உடனே, சிறிதாக |
| கெட்டால் | இழப்பில்லை | ஓட்டுச் சண்டை | தாய்ச்சபை மெலியும் | வருத்தம் மட்டும் |
| யாருக்கு | பெரும்பாலோர் அருகில் | பிள்ளைகளுக்குத் தமிழே புரியாது | ஒரே திசையில் பதினைந்து குடும்பம் | ஐம்பதுக்குக் கீழே |

கண்டோன்மென்ட் பக்கத்துப் பழைய தமிழ்ச் சபைகளில் நான் அறிந்தவரை முதல் வழியும் மூன்றாவதும் சேர்ந்துதான் பொருந்தும், இந்த வரிசையில். இரண்டாவது வழியை எடுத்துவிட்டுப் பிறகு முதலாவதுக்குத் திரும்ப முடியாது, நாங்கள் முயன்று பார்த்தோம், நின்றுபோன தமிழ் சண்டே ஸ்கூலுக்கு இன்றுவரை டீச்சர் கிடைக்கவில்லை.

எதை எடுத்தாலும் அதற்கு முன்னால் எட்டு ஞாயிறு தலை எண்ணுங்கள். குருத்தோலை ஞாயிறு, ஈஸ்டர், அறுப்பின் பண்டிகை, கிறிஸ்துமஸ் கணக்கில் வரக் கூடாது, அன்றைக்கு யார்தான் வரமாட்டார்கள். ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம், பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள். நீண்ட வார இறுதியும் வேண்டாம். ஜூலை, ஆகஸ்ட் நல்லது. பிரசங்கம் தொடங்கிப் பத்து நிமிஷம் கழித்து, பின்பெஞ்சிலிருந்து, ஒரே ஆள் எண்ண வேண்டும். வெளியே செருப்புப் பக்கம் நின்று போன் பார்ப்பவர்களையும் தனியாக ஒரு கட்டத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், எங்கள் சபையில் கிளைக்கு முதலில் பெயர் கொடுத்த ஏழு பேரில் நாலு பேர் அந்தக் கட்டத்தில் இருந்தவர்கள்.